பழனி ரூட்டு வயிற்று வைத்தியம்: ஒரு கண்டக்டர் போடும் மார்க்

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து பழனிக்கு ஓடும் பஸ்ஸில் நான் கண்டக்டர். மலச்சிக்கலுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். கேட்கும், கேட்காது என்பதோடு அவர்கள் பட்டியல் முடிந்துவிடும். எங்கள் பொழப்புக்கு அது பத்தாது. எத்தனை மணி நேரத்தில் கேட்கும் என்று தெரியாமல் எதையும் வாயில் போட முடியாது. காலை நாலரை மணிக்கு முதல் சிங்கிள், அதாவது ஒரு வழி ஓட்டம், எடுத்தால் திண்டுக்கல் தாண்டுகிற வரை இறங்க வழியில்லை. அறுபது பேரை உட்காரவைத்துவிட்டு சோளக்காட்டுக்குள் ஓடவா முடியும்?

அதனால் என் மார்க்கில் பாதி நேரத்துக்கு. ரூட்டிலேயே கிடைப்பதையும் வீட்டுப் பக்கம் கிடைப்பதையும் வாங்கி, தின்று, குடித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. தூங்கி எழுந்து வயிற்றுக்குள் ஏதாவது இறங்கியதும் பெருங்குடல் ஒரு தடவை நன்றாக அசைந்து கொடுக்கும். இயற்கையே வைத்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் நான் வாடிப்பட்டியில் டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பேன். வந்ததை அடக்கினால் அது திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார உட்கார, அதிலிருக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் கெட்டியாகும். தினமும் அடக்கிப் பழகினால் வருகிற உணர்வே மங்கிப்போகும் என்று டாக்டர் சொன்னார். இதற்கு மேல் ஒன்று: வழியில் ஒண்ணுக்குப் போக இடமில்லை என்று நாங்கள் தண்ணீரையே குறைத்துவிடுகிறோம். பெண் கண்டக்டர்கள் பாடு இன்னும் மோசம், அதை அவர்கள்தான் எழுத வேண்டும். தண்ணீருக்குப் பதில் டீ, ராத்திரி ஹால்ட்டில் பரோட்டா சால்னா. நார் என்று சொல்ல அதில் சால்னாவில் மிதக்கும் கறிவேப்பிலைதான், அதையும் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறோம்.

சரி, கடைக்குப் போவோம்.

ஆயக்குடி கொய்யாதான் என் முதல் மார்க். பழனிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஊர். சீசனில் ரோட்டோரம் கூடைகூடையாக இருக்கும், பஸ் நின்றால் ஜன்னலுக்கே வந்துவிடும். கூடை வைத்திருக்கும் அக்காவிடம் “காய் வேண்டாம், பழமா குடு” என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கல் மாதிரி இருப்பதை நாலாக வெட்டி மிளகாய்ப்பொடி தூவிக் கையில் கொடுத்துவிடுவார். ருசி அதில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காயில் துவர்ப்பு அதிகம், நம் வேலைக்குப் பழம்தான் சரி. தோல் பச்சை விட்டு வெளுத்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போகாமலே வாசம் வரவேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் குழிய வேண்டும். நூறு கிராம் கொய்யாவில் நார் 5 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் வேண்டும் என்கிறார்கள், ரெண்டு நல்ல பழம் தின்றால் அதில் ஒரு பெரிய பங்கு வந்துவிடுகிறது. தோலோடு தின்ன வேண்டும். விதை வயிற்றில் கட்டிக்கொள்ளும் என்று பயந்து விதையைத் துப்புகிறவர்கள் உண்டு. நன்றாக மென்று, கூடவே தண்ணீர் குடித்தால் ஒன்றும் செய்யாது. மெல்ல முடியாத வயசானவர்கள் வேண்டுமானால் விதைப் பகுதியை விட்டுவிடலாம்.

நேரம்? சாயங்காலம் தின்றால் மறுநாள் காலை சுகம். அவசரப்படுத்தாது, வழியில் மானத்தை வாங்காது. பத்துக்கு ஒன்பது. சீசன் இல்லாத மாசங்களில் விலை ஏறி, பழமும் சப்பென்று இருப்பதால் ஒரு மார்க் பிடித்துக்கொண்டேன்.

விருப்பாச்சி மலைவாழைக்கு இங்கே தனி மரியாதை. புவிசார் குறியீடு வாங்கிய பழம், பார்க்கச் சின்னதாகத் தோல் கருத்துப் போயிருக்கும், புதுசாக வருகிறவர்கள் அழுகல் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். அப்படிக் கருத்து, சுருங்கி, காம்பு தொட்டதும் கழன்று வந்தால்தான் பக்குவம். நல்ல பழம், ருசிக்குப் பத்துக்குப் பத்து. மலச்சிக்கலுக்கு? வாழைப்பழம் என்றாலே பேதி மருந்து மாதிரி நம் ஜனம் பேசும். நார்க் கணக்கில் கொய்யாவில் பாதிதான் வரும். பழுக்காத பழமாக இருந்தால் இன்னும் கட்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு பழம் எனக்கு உதவுகிறது, ஆனால் கட்டிப்போய் மூணாவது நாள் ஆன வயிற்றை அதனால் அசைக்க முடியாது. ஆறு மார்க். பூவன் பழமும் அதே கதைதான், விலை மட்டும் கம்மி.

பஞ்சாமிர்தம் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிரசாதம், நான் அடிவாரத்தில் வாங்காத வாரம் கிடையாது. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். முருகனுக்குக் கும்பிடு போட்டுச் சாப்பிடுங்கள். மருந்து என்று நினைத்து சுகர் இருக்கிறவர்கள் டப்பா டப்பாவாகக் காலி பண்ண வேண்டாம். மார்க் போடும் சாமான் இல்லை அது.

இனி அடிவாரத்து நாட்டு மருந்துக் கடை. பெயர் வேண்டாம், அந்தத் தெருவில் எல்லாக் கடையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நான் போகும் கடையில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறை, மேலே பெயிண்டில் எழுதிய பெயர்கள் பாதி அழிந்துவிட்டன. பெரியவர் பெயரைப் பார்ப்பதே இல்லை. கேட்டதும் கை நேராக அந்த இழுப்பறைக்குப் போகும். தராசில் நிறுத்து, செய்தித்தாளில் கொட்டி, நாலு மடிப்பு மடித்து, கடைசி முனையை உள்ளே சொருகிவிடுவார். நூல் கிடையாது, ரப்பர் பேண்டு கிடையாது, பஸ் குலுங்கலில் மதுரை வந்து சேர்கிற வரை ஒரு துளி சிந்தியதில்லை. அந்த மடிப்புக்கே நான் அங்கே போகிறேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

குறை சொல்வதென்றால், என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவார். வயசு என்ன, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது, எத்தனை நாளாகக் கட்டியிருக்கிறது, ஒன்றும் கேட்பதில்லை. “வெந்நீர்ல கலக்கி ராத்திரி குடிங்க” என்பது எல்லாப் பொடிக்கும் பொதுவான சீட்டு. அளவு கேட்டால் “ஒரு ஸ்பூன்” என்பார். எந்த ஸ்பூன் என்பது குடிப்பவன் விதி.

அந்த விதி எங்கள் டிரைவர் அண்ணனுக்கு நிலாவாரைப் பொடி ரூபத்தில் வந்தது. நிலாவாரை நம்ம ஊர்ச் சரக்குதான், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வறண்ட காட்டில் விளைந்து கப்பலேறி உலகம் முழுக்கப் போகிறது. இங்கிலீஷ் மருந்துக் கடையில் சென்னா மாத்திரை என்று விற்பதும் இதே இலைதான். அதிலுள்ள சத்தைப் பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் பிரித்து விட்டதும் அது குடலைப் பிடித்து உலுக்கும். அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இந்த ஆறு, பன்னிரண்டைத் தெரிந்துகொண்டிருந்தால் அண்ணன் ராத்திரி பத்தரைக்கு, குழம்புக் கரண்டியில் அள்ளிக் குடித்துவிட்டு நாலரை வண்டிக்கு வந்திருக்க மாட்டார்.

சின்னாளபட்டி தாண்டியதும் கியர் மாற்றுகிற கை மெதுவானது. கண்ணாடியில் பார்த்தேன், முகம் வேர்த்திருந்தது. ரோட்டோரப் பெட்ரோல் பங்க் வந்ததும் விசில் இல்லாமலே வண்டி உள்ளே திரும்பியது.

“என்னண்ணே, டீசலா?”

“நீ டிக்கெட்டப் போடு தம்பி, வந்துர்றேன்.”

டிக்கெட்டெல்லாம் போட்டு முடித்தாகிவிட்டது என்று அவருக்கும் தெரியும். பின்சீட்டில் ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்து, “பாவம், என்னத்தத் தின்னுச்சோ புள்ள” என்றது. அன்றைக்குத் திண்டுக்கல் டைம் கீப்பரிடம் தாமதத்துக்கு என்ன காரணம் சொன்னோம் என்பது எங்கள் ரெண்டு பேருக்குள் இருக்கட்டும்.

நிலாவாரை கேட்காது என்று யாரும் சொல்ல முடியாது. பயணம், ஆபரேஷனுக்குப் பின் படுக்கை, இப்படி ஏதாவது காரணத்தில் கட்டிப்போனால் அளவறிந்து ஓரிரு நாள் எடுக்கலாம். தினசரிப் பழக்கமாக வைத்துக்கொண்டால் வயிற்று வலி, பேதி, உடம்பில் உப்புச்சத்துக் குறைவது என்று வேறு வம்பு வரும். அளவு போட்ட மாத்திரையாக வாங்குவதே மேல். கடைகளில் வண்ண டப்பாவில் ‘நூறு சதம் மூலிகை, பக்க விளைவு இல்லை’ என்று விற்கும் பேதிப் பொடிகளைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள், பலதிலும் இந்த இலை இருக்கும். எங்கள் வேலைக்கு ரெண்டு மார்க். லீவு நாளாக இருந்தால் ஐந்து.

விளக்கெண்ணெய் அதைவிட அவசரக்காரன். ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆளை எழுப்பிவிடும், சிறுகுடலிலேயே வேலையை ஆரம்பிப்பதால் வயிற்றை முறுக்கும். எங்கள் அப்பத்தா பள்ளிக்கூட லீவில் பேரன் பேத்திகளை வரிசையாக நிறுத்தி மூக்கைப் பிடித்து ஊற்றியது. வயிறு சுத்தமாகும் என்ற நம்பிக்கை. அப்படி மாசக் கணக்கு வைத்துச் சுத்தம் பண்ணத் தேவையே இல்லை என்றுதான் இன்றைக்கு டாக்டர்கள் சொல்கிறார்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மார்க்: பூஜ்யம். அப்பத்தா மன்னிக்கட்டும்.

அதே கடையில் உருப்படியாக வாங்குவது திரிபலா. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த பொடி. கடுக்காய் தனியாக வாங்கி வீட்டில் இடிப்பவர்கள் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் எடுக்க வேண்டும், இது எங்கள் வீட்டுக் கிழவிகளுக்கெல்லாம் தெரிந்த பாடம். துவர்ப்பு நாக்கைச் சுருட்டும், முதல் மடக்கில் முகம் போகிற போக்கைப் பக்கத்தில் இருப்பவர்கள் ரசிப்பார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை டீஸ்பூனில் ஆரம்பித்து வெந்நீரில் எடுக்கிறேன். நிலாவாரை மாதிரி உலுக்குவதில்லை, காலையில் தானாக வருகிறது. சில பேருக்கு இதிலேயே வயிறு இளகிப் போகும், அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏழு மார்க். இடித்து எவ்வளவு நாளானது என்று கேட்டு வாங்குங்கள், பழைய பொடி நிறம் மங்கி, மரத்தூள் வாசம் அடிக்கும்.

இசப்கோல். குஜராத்துப் பக்கத்தில் விளைகிற ஒரு செடி விதையின் உமி, மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. தண்ணீரில் போட்டுப் பேர் சொல்லி முடிப்பதற்குள் கொழகொழவென்று ஆகிவிடும். அந்தக் கொழகொழப்புதான் வேலை செய்கிறது: தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை மொத்தமாக, மெத்தென்று ஆக்குகிறது. குடலை உலுக்காது, அதனால் நாள்பட எடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, பொடியை விட அதை ஒட்டிக் குடிக்கும் தண்ணீர்தான் மருந்து. ஒரு முழு டம்ளரில் கலக்கி உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும், முழுங்கச் சிரமப்படுகிறவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

கேட்கும் நேரம் அரை நாளிலிருந்து மூணு நாள் வரை. “நேத்து குடிச்சேன், ஒண்ணும் ஆகலை” என்று எங்கள் டிப்போவில் பாதிப் பேர் டப்பாவை மூடி வைத்துவிட்டார்கள், மூணு நாள் பொறுத்தவர்கள் இன்றும் விடவில்லை. ஆரம்பத்தில் வாயு பிடுங்கும், ஜன்னல் சீட்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு வாசனை போட்ட பாக்கெட்டில் சர்க்கரை இருக்கும், வெறும் உமியே வாங்குங்கள். எட்டு மார்க்.

மகள் வாங்கி வந்தது கொடிமுந்திரி, புரூன் என்று விற்கிற உலர்ந்த பிளம்ஸ் பழம். கருப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும், விலையும் நம்மை முறைக்கும். ஆனால் அதற்குப் பின்னால் ஆதாரம் இருக்கிறது: அமெரிக்காவில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ரெண்டு தடவை 50 கிராம் வீதம் இந்தப் பழம் தின்றவர்களுக்கு இசப்கோல் உமி எடுத்தவர்களைவிட நன்றாகவே போயிருக்கிறது. 50 கிராம் என்றால் ஆறேழு பழம். நார் மட்டும் காரணமில்லை, சார்பிட்டால் என்று ஒரு சர்க்கரை அதில் நிறைய இருக்கிறது. அது முழுசாகச் செரிக்காமல் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். நன்றாகவே கேட்டது, நேரமும் ஒழுங்கு. கண்டக்டர் சம்பளத்தில் தினம் பன்னிரண்டு பழம் கட்டுபடியாகாது என்பதால் இப்போது வீட்டில் விதையுள்ள கருப்பு உலர் திராட்சையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தண்ணீரோடு சாப்பிடுகிறோம். அவ்வளவு வேகம் இல்லை, பரவாயில்லை.

ஆரப்பாளையத்தில் டூட்டி முடிந்து இறங்கினால் எதிரே தள்ளுவண்டியில் கம்பங்கூழ். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு. பரோட்டாவை நிறுத்தச் சொன்னால் யாரும் நிறுத்த மாட்டார்கள், நானும் நிறுத்தவில்லை. மத்தியானத்தை மட்டும் கூழுக்கு மாற்றினேன். நாரும் வருகிறது, தண்ணீரும் வருகிறது, பல ரூட் ஆட்கள் அங்கே நின்று குடிப்பதால் ஊர் வம்பும் வருகிறது. கூழ் வண்டிக்காரர் தண்ணீர் எங்கே பிடிக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேனில் வாங்குகிற வண்டியாகத் தேடித்தான் நான் போகிறேன்.

காசே செலவில்லாத ஒன்றுக்குத்தான் இந்த வரிசையில் அதிக மார்க் போட வேண்டும், ஆனால் அது தின்கிற சாமான் இல்லை. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மாற்றியதிலிருந்து அம்மா சிரமப்பட்டார். கால் தொங்க நேராக உட்கார்ந்தால் மலக்குடலின் வளைவு முழுசாகத் திறக்காது, குந்தி உட்கார்ந்தால் திறக்கும். சமையலறையில் சும்மா கிடந்த மணைக்கட்டையை எடுத்துக் காலுக்கடியில் போட்டோம். முழங்கால் இடுப்பைவிட உயர வேண்டும், உடம்பு லேசாக முன்னால் சாய வேண்டும். அம்மா இப்போது அந்தக் கட்டையைக் குளிக்கப் போகிறவர்கள் நகர்த்தினால்கூடச் சத்தம் போடுகிறார். முதல் சிங்கிள் டூட்டி அன்றைக்கு நான் அரை மணி முன்னால் எழுந்து, ஒரு சொம்பு வெந்நீரும் ஒரு டம்ளர் காபியும் குடித்துவிட்டு, வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காருகிறேன். முக்குவதில்லை, செல்போன் எடுத்துப் போவதில்லை.

டாக்டரிடமும் ஒருதரம் போனேன். அவர் மருந்துக்கு முன்னால் மாத்திரைப் பையைக் கேட்டார். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், சில பிரஷர் மாத்திரைகள், வலி மாத்திரைகளில் சில வகை எல்லாமே கட்டும். தைராய்டு குறைந்தாலும் கட்டும். நாளுக்கு மூணு தடவையிலிருந்து வாரத்துக்கு மூணு தடவை வரை எதுவும் இயல்புதான், தினம் போகவில்லை என்பதே நோயில்லை என்றார். அதைக் கேட்டதும் என் கவலையில் கால்வாசி போய்விட்டது. எழுதிக் கொடுத்த லாக்டுலோஸ் சிரப் தித்திப்பாக இருந்தது, வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆனது, வயிறு கொஞ்சம் உப்பியது. ஆறு மார்க். ஆனால் ரத்தம் போனால், எடை தானாகக் குறைந்தால், ஐம்பது வயசுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறினால், வாந்தியும் வயிறு வீக்கமும் சேர்ந்து வந்தால், கொய்யா, திரிபலா ஒன்றும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

அடிவாரத்துக் கடையில் கருணைக்கிழங்கு லேகியமும் வைத்திருக்கிறார்கள். அது மூலத்துக்கு என்று கொடுப்பது, எனக்கு அந்தத் தொந்தரவு இல்லாததால் மார்க் போடவில்லை. டிரைவர் அண்ணன் ஒரு டப்பா வாங்கிப் போயிருக்கிறார். கேட்குதா என்று கேட்டால், “சப்பாத்திக்குத் தொட்டுக்க நல்லாருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்.